கம்பத்துச் சீட்டைக் குமுளியில் படிக்க வேண்டும்: சிறு மருத்துவமனைக்கும் கடைக்கும் தகவல் முறைமை கட்ட வருவோருக்கு

மாலை நான்கு மணிக்கு மேல் குமுளி மலைச்சாலையிலும் கம்பமெட்டுச் சாலையிலும் ஜீப்புகள் இறங்கத் தொடங்கும். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போன பெண்கள் அவற்றில் திரும்பி வருவார்கள். தேனி மாவட்டத்துக் கூடலூரிலோ கம்பத்திலோ இறங்கியதும் சிலர் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனை வாசலில் வந்து உட்காருவார்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கேரளத்துக் குமுளியில் கொடுத்த ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டு, கம்பத்து மருத்துவர் எழுதிய நோட்டு, எழுத்து மங்கிப்போன ரத்தப் பரிசோதனைத் தாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ரேஷன் கார்டின் நகல்.

இந்தப் பகுதியின் மருத்துவத் தகவல் முறைமை அந்தப் பைதான். இரண்டு மாநிலங்களின் தாள்கள் அதற்குள் சண்டையின்றிக் கிடக்கின்றன. மின்சாரமும் சிக்னலும் கடவுச்சொல்லும் அதற்குத் தேவையில்லை. நீங்கள் கட்டப்போகும் செயலி அந்தப் பையைவிட ஒரு வேலையையாவது நன்றாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த அம்மா பையையே நம்புவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் சிறு மருத்துவமனைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. படிப்பை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே வரிசையாகப் பதில் எழுதுகிறேன். சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு சிறு பதிவு முறையையும், மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு வெப்பக் காவலனையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

1. ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர் பெரும்பாலும் 'முழு மருத்துவமனையையும் கணினிமயமாக்குகிறேன்' என்றுதான் தொடங்குவார். டோக்கன், பில், மருந்து இருப்பு, ஆய்வுக்கூடம், சம்பளம் எல்லாம் ஒரே திரையில். ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் ஒரு மருந்தாளுநரும் உள்ள இடத்தில் அது சில மாதங்களில் பில் அடிக்கும் இயந்திரமாகச் சுருங்கிவிடும்.

அதற்குப் பதிலாக, அங்கே தினமும் யாராவது ஒருவர் மனத்துக்குள் போட்டுப் பார்த்து விடை தெரியாமல் விடும் கேள்வி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் மூத்த செவிலியரிடம் அது இருந்தது: 'இந்த வாரம் மாத்திரை தீர்ந்திருக்க வேண்டியவர்களில் யார் வரவில்லை?' விடை சொல்ல நான்கு விவரங்கள் போதும். யார், எப்போது வந்தார், என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வந்து மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாத்திரை அறுந்துபோகக் கூடாது. ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர் வீட்டை பகலில் தட்டினால் பூட்டுத்தான் பதில் சொல்லும். ஆகவே எங்கள் நான்கு விவரங்களோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது: எந்த நேரத்தில், எங்கே ஆள் கிடைப்பார்.

வணிகத்திலும் இதே கதைதான். ஓர் ஏலக்காய் வியாபாரி என்னிடம் 'எல்லாக் கணக்கும்' வேண்டும் என்றார். நாலு நாள் கூட இருந்து பார்த்தபோது, அவர் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு விகிதம் என்று தெரிந்தது. உலர்த்தும் டிரையருக்குள் போன பச்சைக்காய் எவ்வளவு, வெளியே வந்த உலர்காய் எவ்வளவு? ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். ஒரு நடையில், அதாவது ஒருமுறை டிரையரில் போட்டு எடுப்பதில், அது ஆறுக்கு ஒன்றாகிப் போனால் காய் முற்றாமல் பறித்திருக்கலாம், தராசு பொய் சொல்லியிருக்கலாம், யாரோ கை வைத்திருக்கலாம். நடை வாரியாக அந்த ஒரு விகிதத்தைக் காட்டும் திரையைத்தான் அவர் முதல் நாளிலிருந்து திறந்து பார்க்கிறார். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்னணு ஏலத்துக்குப் போகும் சரக்கை 8 மில்லிமீட்டர், 7 முதல் 8 என்று தரம் பிரித்துக் காட்டும் திரையையும் நான் பாடுபட்டுச் செய்திருந்தேன். அதை அவர் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. தரம் அவர் கண்ணிலேயே இருக்கிறது.

2. மூன்று நாள் சும்மா உட்காருங்கள்

காலை ஒரு நாள், மாலை ஒரு நாள், கூட்டம் நெரியும் நாள் ஒன்று. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்டால், உங்களைச் சந்தோஷப்படுத்தும் பதில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 'நேற்று கடைசியாக வந்தவருக்கு என்ன நடந்தது?' என்று கேளுங்கள்.

தாளைப் பின்தொடருங்கள். ஒரு ஓ.பி. சீட்டு யார் கையில் பிறக்கிறது, எந்த மேசைகளில் நிற்கிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று படம் வரையுங்கள். அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே எழுதியிருப்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டின் ஓரத்தில் 'மகள் பிரசவம், 20 நாள் வரமாட்டார்' என்றிருந்தது. இன்னொன்றில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. கேட்டபோது 'இவருக்குக் கண் தெரியாது, கூட ஆள் வந்தால்தான் மருந்து கொடுக்கணும்' என்றார் செவிலியர். கட்டத்தில் எழுதியதை நீங்கள் எப்படியும் எடுத்துக்கொள்வீர்கள். ஓரத்தில் எழுதியது உங்கள் திட்டத்தில் இல்லையென்றால், உங்கள் மென்பொருள் ஓடும் இடத்தில் அந்த நோட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

3. பெயர் என்னும் பெருந்தொல்லை

புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும். கேரளத்தில் பெரும்பாலும் பின்னால் போய்விடும். கம்பத்தில் எம். செல்வி, குமுளியில் செல்வி எம். கல்யாணம் ஆனபின் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வரும். அட்டைகளில் பாதி பழையபடி, பாதி புதியபடி. முருகன் என்ற பெயரை மலையாளம் வழியாக ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' வந்து உட்காரும். 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்ட படிவம் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோற்கும். ஒரே கட்டம் வையுங்கள். அவர் வாயால் சொல்லும் பெயரை அதில் எழுதுங்கள். முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம். பிறகு தந்தை அல்லது கணவர் பெயர், தெருவின் அடையாளம், எந்தத் தோட்டத்து ஜீப்பில் போகிறார் என்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 'செல்வி' என்று கூப்பிட்டால் வாசலில் மூன்று பேர் எழுந்து நிற்கும் ஊரில், ஜீப்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. கட்டாயம் வேண்டும் என்று திரை அடம்பிடித்தால் எல்லோரும் ஜனவரி 1 அன்று பிறந்துவிடுவார்கள். பிறந்த ஆண்டை மட்டும் வாங்கி, அது உறுதியானதா உத்தேசமா என்று பக்கத்தில் ஒரு குறி வையுங்கள். வயதை அப்படியே சேமிக்காதீர்கள். அடுத்த வருடமே அது பொய்யாகிவிடும்.

கைப்பேசி எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பதிவு முறையில் ஆளுக்கு அடையாளம் கைப்பேசி எண். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் மருமகன் கையில். மாமியாரின் பரிசோதனை முடிவு அவருக்குப் போனது. மகளுடைய முடிவும் அவருக்கே போனது. மகளின் முடிவு அவர் பார்க்கக் கூடாத ஒன்று. மறுநாள் அந்தப் பெண் வந்து என்னைத் தேடியபோது என்னிடம் பதிலில்லை.

உங்களுக்கென்று ஓர் எண் உருவாக்குங்கள். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதே முறையை உங்கள் ஆறு இலக்க எண்ணுக்கும் வைக்கலாம். எண்ணைப் பெரிய எழுத்தில், க்யூஆர் குறியோடு, தடித்த அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள். அந்த அட்டை எங்கே போகும்? பிளாஸ்டிக் பைக்குள். அதுதான் நமக்கு வேண்டியது.

அட்டையை மறந்து வருவார்கள். அப்போது தேடல் திரை சரியான ஒரே பெயரைக் காட்ட முயலக் கூடாது. ஒலி ஒத்த ஐந்து பேரை ஊர், வயது, ஜீப்போடு காட்டட்டும். செவிலியர் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவை போலத் தோன்றினால் கணினி தானாக ஒட்டக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் எரிச்சல்தான் வரும். இரண்டு ஆளுக்கு ஒரே பதிவு என்றால் உயிருக்கே ஆபத்து.

4. எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

சர்க்கரை 140 என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை. வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பின்னா, ஏதோ ஒரு நேரத்திலா என்பதும் கூடவே வேண்டும். அடுத்தது அலகு. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று சொல்வது வழக்கம். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மீட்டர் சில நேரம் மில்லிமோலில் காட்டும். அதில் வரும் 7.8 ஐ 18 ஆல் பெருக்கினால்தான் நம்முடைய 140. பதிவில் தசமப் புள்ளி வந்தால் அலகைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

வீட்டு மீட்டரின் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்னும் 2013ஆம் ஆண்டுத் தரப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவி தேறிவிடும். அதாவது உண்மையில் 200 இருந்தால் கருவி 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். போன மாதம் 200, இந்த மாதம் 185 என்றதும் பச்சை அம்புக்குறி போட்டுப் பாராட்டும் திரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்பை நம்பி ஒருவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

கட்டாயக் கட்டங்களைப் பற்றி ஒரு சொல். ரத்த அழுத்தம் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்று வைத்துப் பாருங்கள். மாலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் 120/80 ஆகிவிடும். செவிலியர் பொய்யர் இல்லை. உங்கள் திரைதான் அவரைப் பொய் சொல்ல வைத்தது. 'அளக்கவில்லை' என்ற பொத்தானையும், காரணமாக 'கருவி பழுது', 'நேரமில்லை' என்ற இரண்டையும் வையுங்கள். காலியாக விட்டதும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதைத் தரவுத்தளத்திலும் காப்பாற்றுங்கள்.

மருந்தில்தான் எல்லைப் பகுதிக்கே உரிய ஆபத்து இருக்கிறது. குமுளியில் ஒரு வணிகப் பெயரில் மெட்ஃபார்மின் 500 கொடுத்திருப்பார்கள். கம்பத்தில் இன்னொரு பெயரில் அதே மெட்ஃபார்மின் 500. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூலப்பெயரையும் வீரியத்தையும் முதன்மைப் பதிவாகச் சேமியுங்கள். வணிகப் பெயர் பக்கத்தில் ஒரு குறிப்பாக இருக்கட்டும். நோயாளி கொண்டுவரும் மாத்திரை அட்டைகளைப் புகைப்படம் எடுத்து வைக்கும் வசதி கொடுங்கள். ஒரே மூலப்பெயர் இரண்டு வரிசையில் வந்தால் திரை சத்தம் போடாமல் அவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் போதும். பிளாஸ்டிக் பையால் செய்ய முடியாத வேலை இது. நாங்கள் கட்டியதில் மருத்துவர் மனம் விட்டுப் பாராட்டியதும் இந்த ஒன்றைத்தான்.

5. எழுத்து

தமிழ், மலையாளம் இரண்டையும் யுனிகோடில் வைத்துக்கொள்ளலாம். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் தேடலில் மாட்டுவார். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை வேறு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும் யுனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். மலையாளத்தில் அது போதாது. ன், ல், ர் போன்ற மெய்களைத் தனி உருவில் எழுதும் சில்லெழுத்துகளுக்கு 2008இல் யுனிகோடு 5.1 பதிப்பில்தான் தனிக் குறியீடு வந்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியவை இன்னும் புழங்குகின்றன. என்எஃப்சி இவை இரண்டையும் ஒன்றாக்காது. முருகனும் செல்வனும் சில்லெழுத்தில் முடிகிறவர்கள் ஆயிற்றே, அந்த மாற்றத்தை நீங்களே எழுதிவிடுங்கள்.

குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 இடம். தமிழிலோ மலையாளத்திலோ அனுப்பினால் 70 தான். அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'கொடுக்கவும்' என்பது நமக்கு ஆறு எழுத்து. தொலைபேசி நிறுவனத்துக்குப் பதினொன்று. வணிக நிறுவனம் அனுப்பும் செய்தியின் வாசகத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிமுறைப்படி முன்பே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் இதைத் தொடங்கினால் திறப்பு விழா தள்ளிப்போகும்.

சிறிய தெர்மல் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. வரியைப் படமாக மாற்றி அனுப்புங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வரும்.

எந்த மொழியும் படிக்காதவருக்குச் சூரியன், நிலா படம் போட்டு மாத்திரை நேரம் காட்டலாம். அதையும் சோதித்துப் பாருங்கள். மதியத்துக்கு முழுச் சூரியன், காலைக்கு மலைக்குப் பின்னிருந்து எழும் பாதிச் சூரியன் என்று அழகாக வரைந்திருந்தேன். ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் காலையில் பாதி மாத்திரை என்று உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் படித்ததில் என்ன தப்பு?

6. சிக்னல் போகும், மின்சாரமும் போகும்

லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் கைப்பேசி ஒரு வளைவில் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும், அடுத்த வளைவில் கேரளத்து கோபுரத்தை, அதற்கடுத்ததில் எதையுமே பிடிக்காது. தோட்டத்தில் முகாம் போட்டால் இதைவிட மோசம். எனவே முதல் பதிவு எப்போதும் கையில் இருக்கும் கருவியிலேயே விழ வேண்டும், எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளம் போதும். இணைப்பு கிடைக்கும்போது மேலே போகட்டும்.

இரண்டு டேப்லெட்டுகள் தனித்தனியாக 1, 2, 3 என்று எண் கொடுத்துக்கொண்டே போனால், சேரும்போது மோதிக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முன்குறி கொடுங்கள். அளவீட்டை ஒருபோதும் அழித்து எழுதாதீர்கள். திருத்தம் என்றால் புதிய வரி, யார் எப்போது திருத்தினார் என்ற குறிப்போடு. கணக்குப்பிள்ளை பேரேட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது போல. மற்றதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

7. குளிர்பெட்டிக் காவலன்

திறக்காத இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இதைக் கண்காணிக்க ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகையும் டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரியும் போதும். அந்த உணரி அரை டிகிரி வரை தவறலாம் என்று அதைச் செய்பவரே சொல்கிறார். வாங்கியதும் ஒரு தம்ளரில் நொறுக்கிய ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கி, உணரியை அதில் விட்டுப் பாருங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதை அந்த உணரியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

உணரியைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். கதவு திறந்தால் காற்று உடனே சூடாகும். மருந்துக் குப்பி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. கிளைக்கால் (கிளைகோல்) திரவம் நிரப்பிய சிறு குப்பிக்குள் உணரியை வைத்தால், அது மருந்து உணர்வதைத் தானும் உணரும். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ் என்றால் உறைபகுதிக்கு அருகிலும் ஓர் உணரி வேண்டும். சூட்டைக் கண்டு பயப்படும் நாம் உறைதலை மறந்துவிடுகிறோம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்கச் சரியாகவே இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

இனி எச்சரிக்கை ஒலி. புதியவர்கள் 8 டிகிரியைத் தொட்டதும் அலறவிடுவார்கள். முதல் வாரம் எல்லோரும் ஓடி வருவார்கள். இரண்டாம் வாரம் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்ற தடுப்பூசி வெப்பப் பதிவான்கள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள்: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து பத்து மணி நேரம் இருந்தால் சூட்டு எச்சரிக்கை, மைனஸ் 0.5 க்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்தாலே குளிர் எச்சரிக்கை. சூட்டுக்குப் பொறுமை, உறைதலுக்கு அவசரம். எங்கள் கருவியில் அதோடு மெல்லிய முன்குறிப்பு ஒன்றைச் சேர்த்தோம். மின்சாரம் போய் ஒரு மணி நேரமானால் ஒருவருக்கு மட்டும் அழைப்பு போகும்.

யாருக்கு? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை பலகையில் ஒயர் இணைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் எழுந்து, சாவி வைத்திருந்து, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர் யார்? எங்கள் மருத்துவமனையில் அது மருத்துவர் இல்லை. பின்தெருவில் குடியிருந்த காவலாளி. அழைப்பு அவருக்குப் போனது. ஐஸ் பெட்டிக்குள் மருந்தை எப்படி மாற்றுவது, ஐஸ்கட்டிக்கும் குப்பிக்கும் நடுவே அட்டை வைப்பது ஏன் என்று அவருக்கு ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். அந்த ஒரு மதியம்தான் அந்தக் கருவியிலேயே விலை உயர்ந்த பாகம்.

8. சட்டமும் கூச்சமும்

எண்ணிம வடிவிலான தனிநபர் தரவைக் காக்க 2023இல் நிறைவேறிய சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சின்ன இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது பொது விதி; சிகிச்சைக்கு விலக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதற்காக விவரம் வாங்குகிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் இருப்பவை. நான்கு வரியில், பேசுவது போல எழுதி, வாசித்துக் காட்டுங்கள்.

சட்டத்துக்கு முன்பே ஊர்க்கூச்சம் இருக்கிறது. காசநோய், கருக்கலைப்பு, மனநலம் பற்றிய குறிப்புகளை டோக்கன் கொடுப்பவர் திரையில் காட்டக் கூடாது. அந்தத் திரை வாசல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. இதற்கு மென்பொருளே வேண்டாம், மேசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

இன்னொரு எல்லை: 'இவருக்கு இந்த அளவு மருந்து கொடுக்கலாம்' என்று உங்கள் செயலி சொல்லத் தொடங்கினால், நீங்கள் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் வாசலுக்குள் போகிறீர்கள். நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ பயன்படும் மென்பொருளும் அங்கே கருவியாகவே எண்ணப்பட்டு, ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தப்படும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

9. மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்தில் நிலைமை மோசமானால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். குமுளியில் விழுந்தவரைக் கோட்டயத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒரே பெண், வாரத்தில் ஆறு நாள் கேரளத்தில், இரவெல்லாம் தமிழ்நாட்டில். அவர் எந்தப் பக்கம் போனாலும் பதிவு படிக்கப்பட வேண்டும்.

2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண், அதாவது நோயாளிக்கான சுகாதார அடையாள எண், மாநிலத்தைப் பார்ப்பதில்லை. இருந்தால் வாங்கிப் பதியுங்கள். இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். நோய்ப்பெயரைச் சொல்லாக மட்டும் வைக்காமல் ஐசிடி-10 என்னும் உலக நோய்ப் பட்டியலின் குறியீட்டோடு சேமியுங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11, உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ10. 'ஷுகர்' என்று மலையாளத்தில் எழுதியதும் 'சர்க்கரை' என்று நாம் எழுதியதும் அந்தக் குறியீட்டில் சந்தித்துக்கொள்ளும். பெரிய முறைமைகளோடு பேச, மருத்துவப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான எஃப்எச்ஐஆர் என்னும் தரம் இருக்கிறது; அதன் பெயரிடும் முறையை இப்போதே பின்பற்றினால் பின்னால் இணைப்பது எளிது.

ஆனால் நாளைக்கே பயன்படப்போவது ஒரு பக்கத் தாள்தான். பெயர், எண், நோய், மூலப்பெயரில் மருந்துகள், கடைசி மூன்று அளவீடுகள், ஒவ்வாமை. தமிழிலும் ஆங்கிலத்திலும். மடித்தால் பைக்குள் போகும் அளவில்.

10. ஓட்டிப் பார்த்தல்

ஒரு மாதம் நோட்டும் கணினியும் சேர்ந்தே நடக்கட்டும். தினமும் மாலை பத்து வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்; வேறுபட்டால் நோட்டுதான் சரி என்ற எண்ணத்தோடு தேடுங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. முந்தைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். நம் நோட்டு அப்படிப்பட்ட ஒரு பூட்டு. அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள்.

மாதம் முடிந்ததும் மருத்துவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கூட்டமான ஒரு மாலை ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நான் அப்படி நின்றபோது செவிலியர் ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். இருபத்துமூன்று பேர். மறுநாள் காலை அந்த இருபத்துமூன்று வரிகளையும் கணினியில் ஏற்ற உட்கார்ந்தோம். நேற்றைய தேதியில் பதிவு போட என் திரை அனுமதிக்கவில்லை.